பிடிவாதக்கார பால் ஜாயின்ட்

பழைய மாருதி 800 காரைத் திருப்பும்போது முன்சக்கரத்தில் 'டக் டக்' சத்தம் வருகிறதா? பால் ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம். அது கிண்ணத்துக்குள் உருளும் இரும்புக் குண்டு. ஸ்டியரிங் கம்பியைச் சக்கரத்தோடு சேர்க்கிறது. ஓட்டத்தில் கழன்றால் வண்டி நம் சொல் கேட்காது.

வீட்டிலேயே மாற்றலாம். ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். நழுவினால் உயிர் போகும். சமதரையில் நிறுத்துங்கள். பின்சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். இரும்பு ஸ்டாண்டு கொடுங்கள். செங்கல் வேண்டாம், நொறுங்கிவிடும்.

முதலில் நட்டில் உள்ள பின்னை எடுங்கள். நட்டைத் தளர்த்துங்கள். முழுதும் கழற்றாமல் சில மரை விட்டு வையுங்கள்.

இனிதான் பிடிவாதம். ஜாயின்டின் தண்டு ஆப்பு போலச் சரிவானது. துளையில் இறுகியிருக்கும். துருவும் ஏறினால் கேட்கவே வேண்டாம்! பலரும் தண்டின் நுனியில் அடிப்பார்கள். மரைதான் நசுங்கும். தண்டு நுழைந்துள்ள இரும்புக் காதின் பக்கவாட்டில் அடியுங்கள். எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலை அணைத்துப் பிடியுங்கள். நாலைந்து பலத்த அடியில் 'டக்'கென்று விடும். நட்டு இருப்பதால் கீழே விழாது.

பழையது கம்பியிலிருந்து எத்தனை சுற்றில் கழன்றதோ, புதியதை அத்தனை சுற்றே திருகுங்கள். பின் மட்டும் புதிதாக இருக்கட்டும். பிறகு கடையில் அலைன்மென்ட் பாருங்கள்.