முதலில் டயர், பிறகுதான் லிஃப்ட்

கேள்வி: என்னிடம் இருப்பது 18 இன்ச் சக்கரம் கொண்ட மஹிந்திரா தார், 4 வீல் டிரைவ். வார நாட்களில் சேலத்துக்குள்ளேயே ஓட்டம். மாதம் ஓரிரு முறை கொல்லிமலை. மழைக்காலத்தில் தோட்டத்துக்குப் போகும் மண்பாதை சேறாகிவிடும். வண்டியை உயர்த்தும் 2 இன்ச் லிஃப்ட் கிட் போட்டு, 285/70 R17 டயர் மாட்டித் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் ஓட்டத்துக்கு லிஃப்ட் தேவைப்படவில்லை. டயரிலும் 285 அதிகம். கடைக்காரர் உயரத்திலிருந்து தொடங்கி டயருக்கு வருகிறார். கணக்கை மறுபக்கத்திலிருந்து போட வேண்டும்: போகும் பாதைக்கு எந்த டயர், அந்த டயர் உரசாமல் சுற்ற எவ்வளவு இடம், அந்த இடம் போதாவிட்டால் மட்டும் லிஃப்ட்.

எங்கே தட்டுகிறது?

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, டார்ச் எடுத்துக்கொண்டு அடியில் பாருங்கள். கீறலும் நசுங்கலும் எங்கே இருக்கின்றன? ஃபுட்ஸ்டெப்பில் என்றால் அதைக் கழற்றினாலே போதும், செலவே இல்லை. முன் பம்பரின் அடியில் என்றால் ஏற்றத்தில் வண்டியை நேராக ஏற்றிப் பழக வேண்டும், அல்லது பம்பரை மாற்ற வேண்டும். நடு வயிற்றில் என்றால் லிஃப்ட் உதவும். பின் ஆக்ஸிலின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியலில் என்றால் எந்த லிஃப்ட் கிட்டும் உதவாது.

லிஃப்ட் கிட் விற்பவர்கள் பேசாமல் விடும் விஷயம் இந்தக் கடைசி ஒன்றுதான். தாரின் பின்பக்கம் ஒரே தண்டாக இருக்கும் ஆக்ஸில். அது சக்கரத்தோடு பிணைந்தது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடியும் சேஸிஸும் மேலே போகும். ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆக்ஸிலை உயர்த்தும் ஒரே பொருள் டயர். அதிலும் டயரின் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ, அதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும்.

தார் கடையிலிருந்து வரும்போதே 226 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ், முன்னால் 41.8 டிகிரி ஏறு கோணம், பின்னால் 36.8 டிகிரி இறங்கு கோணம், 650 மி.மீ. தண்ணீரில் இறங்கும் திறன் என்று வருகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் தார்ச்சாலைதான். அங்கே உயரம் கூடினால் வளைவில் வண்டி சாய்வதும் கூடும்.

டயரின் பக்கச்சுவரில் இருக்கும் கணக்கு

255/65 R18 என்றால் அகலம் 255 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ரிம் 18 இன்ச். பக்கச்சுவரை இரண்டால் பெருக்கி ரிம்மைக் கூட்டினால் மொத்த விட்டம். உங்களுடையது சுமார் 789 மி.மீ. கடைக்காரர் சொல்லும் 285/70 R17 சுமார் 831 மி.மீ. வித்தியாசம் 42, ஆக்ஸில் உயர்வது 21 மி.மீ. இரண்டு விரல் அகலம்கூட இல்லை.

அந்த 21 மி.மீட்டருக்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். விட்டம் 5.3 சதவீதம் கூடுவதால் ஸ்பீடோமீட்டர் முன்பு 100 காட்டிய வேகத்தைவிட 5 கி.மீ. அதிகமாகப் போனால்தான் இப்போது 100 காட்டும். ஓடோமீட்டரும் குறைத்தே எண்ணும். சர்வீஸ் தேதி உங்களுக்குத் தெரியாமலே தள்ளிப்போகும். எல்லா கியரும் நீண்டுவிடும். ஏற்றத்தில் மூன்றாம் கியரில் இழுத்த வண்டி இரண்டைக் கேட்கும். கனமான சக்கரத்தைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் வேலை; பிரேக் மட்டும் பழையதே. ஸ்டெப்னி பின் கதவில் தொங்குவதால் கதவுக் கீல் அந்தக் கூடுதல் கனத்தையும் சுமக்கும். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயர் வாங்க வேண்டும் என்பதைப் பட்ஜெட்டில் மறந்துவிடாதீர்கள். 4 வீல் டிரைவில் ஒரு சக்கரம் மட்டும் வேறு விட்டத்தில் இருந்தால் கியர்களுக்குக் கேடு.

இதே தாரை மஹிந்திரா இன்னொரு அளவிலும் விற்றிருக்கிறது: 245/75 R16. அதன் விட்டம் சுமார் 774 மி.மீ. ஆக்ஸில் 7 மி.மீ. தாழும் என்பது உண்மை. ஆனால் பக்கச்சுவர் 166 மி.மீட்டரிலிருந்து 184 ஆகிறது. சேற்றிலும் கல்லிலும் வேலை செய்வது இந்த 18 மி.மீ. ரப்பர்தான். காற்றைக் குறைத்தால் டயர் நன்றாகப் படியும், பிடி கூடும், ரிம் கல்லில் படாது, குழியில் விழுந்தால் முதுகுக்கும் நல்லது.

எந்த அளவானாலும், ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள சுமைக் குறியீட்டுக்கும் வேகக் குறியீட்டுக்கும் குறைவான டயரை வாங்காதீர்கள். ரகத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு ஆல்-டெரெய்ன் போதும். மட்-டெரெய்னின் பெரிய கட்டைகள் சேற்றைத் துப்பும். ஆனால் ஈரமான தார்ச்சாலையில் பிடி குறைவு, சத்தம் அதிகம். வார நாள் முழுக்க ஊருக்குள் ஓடும் வண்டிக்கு அது தண்டனை.

லிஃப்ட் என்றால் எது?

பிற்காலத்தில் கல்பாதைகளுக்கே போவதென்று முடிவெடுத்தால், கிட்டில் இருக்கும் வகைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். மலிவானது ஸ்பேசர்: ஸ்பிரிங்குக்கு மேலோ கீழோ வைக்கும் தடித்த வட்டு. பின்பக்கத்தில் ஷாக் அப்சார்பர் பழைய நீளமே என்பதால் சக்கரம் கீழே இறங்கும் தூரம் குறைகிறது. பள்ளத்தில் சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும். உயரம் கூடி, பாதையில் திறமை குறையும்.

முறையான கிட்டில் புதிய காயில் ஸ்பிரிங்கும் அதற்கேற்ற நீளமான ஷாக்கும் சேர்ந்து வரும். ஸ்பிரிங்கை வண்டி எப்போதும் சுமக்கும் எடையைச் சொல்லி வாங்க வேண்டும். வின்ச், இரும்பு பம்பர், கூரை ரேக் எல்லாம் வைத்த வண்டிக்கான ஸ்பிரிங்கை வெறும் வண்டியில் போட்டால் ஒவ்வொரு வேகத்தடையிலும் பல் ஆடும்.

தாரின் முன்பக்கம் தனித்தனியாக இயங்கும் டபுள் விஷ்போன். அங்கே உயர்த்தும்போது சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டுபோகும் சி.வி. ஜாயின்ட் கூடுதல் கோணத்தில் வளைந்தே ஓடும். ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறுவது அங்கிருந்துதான் தொடங்கும். சக்கரம் நிற்கும் கோணங்களான காம்பர், டோ இரண்டும் மாறும். சரிசெய்யாவிட்டால் டயர் ஒரு ஓரமாகத் தேயும். பின்னால், ஆக்ஸிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பானார்ட் ராடு அதை ஒரு பக்கம் இழுக்கும். மாருதி ஜிம்னியில் முன்னும் பின்னும் தண்டு ஆக்ஸில் என்பதால் சி.வி. கோணச் சிக்கல் குறைவு. ஆனால் அதை உயர்த்தினால் ஸ்டீயரிங் அச்சின் சாய்வான காஸ்டர் குறைந்து, நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் நேராக நிற்காமல் அலையும். அதைத் திருத்தும் புஷ் அந்தக் கிட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று: ஈ.எஸ்.பி. உள்ள வண்டியில் கவிழாமல் தடுக்கும் கணக்குகள் எல்லாம் தொழிற்சாலை உயரத்துக்கும் டயருக்கும் எழுதப்பட்டவை. தார் போல உயரமாகவும், 2,450 மி.மீ. மட்டுமே வீல்பேஸ் கொண்டும் இருக்கும் வண்டியில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி.யில் உள்ளவை மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராக உறுதிசெய்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, விதிகள் அனுமதிக்காத மாற்றத்துக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உரிமையாளருக்கு விதிக்கலாம். மாட்டிக் கொடுத்த கடை பொறுப்பேற்காது. விபத்து நடந்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் தகராறு செய்ய இடம் உண்டு. வாரண்டியிலும் அதே கதைதான். எனவே தயாரிப்பாளரே அந்த மாடலுக்குக் கொடுத்த இன்னொரு டயர் அளவுக்குப் போவதுதான் சிக்கல் குறைந்த வழி. எந்த வேலைக்கும் கை வைக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் நின்று பார்க்க வேண்டியவை

- புதிய ரிம் பிரேக் காலிப்பரில் உரசாமல் சுற்றுகிறதா? ரிம்மின் ஆஃப்செட் பழையதற்கு நெருக்கமாக இருக்கிறதா? சக்கரம் வெளியே பிதுங்கினால் பேரிங்குக்குச் சுமை கூடும், மட்கார்டிலும் உரசும்.
- ஸ்டீயரிங்கை இருபுறமும் கடைசி வரை திருப்பி, முன்னேயும் ரிவர்ஸிலும் ஓட்டிப் பாருங்கள். ஒரு சக்கரத்தை மேடையில் ஏற்றி ஸ்பிரிங் அழுந்திய நிலையிலும் இதையே செய்யுங்கள். சமதளத்தில் உரசாத டயர் அங்கே உரசும்.
- லிஃப்ட் போட்டால், சக்கரம் முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸ் விறைத்து நிற்கக் கூடாது.
- ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். நிறையக் கடைகள் இதில்தான் அவசரப்படும்.
- வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் மட்டம் இரண்டையும் அன்றே சரிசெய்யச் சொல்லுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி பார்க்க வேண்டும்.

உங்கள் வண்டிக்கு என் வரிசை

18 இன்ச் தார் ஆல்-டெரெய்ன் டயரோடுதான் வெளிவந்தது. கட்டை இன்னும் தேயவில்லை என்றால் எதையும் வாங்க வேண்டாம். காற்றழுத்த மானியும் 12 வோல்ட் கம்ப்ரஸரும் மட்டும் வாங்குங்கள். தோட்டத்துச் சேற்றில் இறங்கும் முன் 20 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கி, 4 வீல் லோவில் மெதுவாகப் போங்கள். தார்ச்சாலை ஏறும் முன் மறக்காமல் பழைய அழுத்தத்துக்கு ஏற்றுங்கள். டயர் தேய்ந்ததும் 16 இன்ச் ரிம்மில் 245/75 ஆல்-டெரெய்ன், ஐந்தாக. அதிலும் ஒரு மழைக்காலம் ஓட்டிய பிறகு நடு வயிறு தட்டினால் லிஃப்ட்டைப் பற்றிப் பேசலாம். தட்டாது என்றே நினைக்கிறேன். மிஞ்சும் பணத்துக்கு ஒரு நல்ல இழுவைக் கயிறும், நாள் முழுக்க நடக்கும் ஆஃப்-ரோடு பயிற்சி வகுப்பும் கிடைக்கும். அதே சேற்றில் 285 போட்ட வண்டி மாட்டிக்கொண்டால் அதை இழுத்துவிட அந்தக் கயிறு உதவும்.