டில்லியின் ஜும்மா மசூதி

ஷாஜகான் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது தாஜ்மகால்; அடுத்தது செங்கோட்டை. அதே மன்னர் டில்லியில் எழுப்பிய ஜும்மா மசூதி நம் வரலாற்றுப் பாடத்தில் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. தாஜ்மகால் மறைந்த அரசிக்காகக் கட்டப்பட்டது. செங்கோட்டை அரசருக்காகக் கட்டப்பட்டது. ஜும்மா மசூதியோ ஊர் மக்கள் அனைவரும் உள்ளே வருவதற்காகவே கட்டப்பட்டது. ஆகையால் மூன்றிலும் அதுவே மேலானது என்பது எங்கள் எண்ணம். தாஜ்மகாலின் அபிமானிகள் எங்களை மன்னிப்பார்களாக!

வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகைக்கு ஜும்ஆ என்று பெயர். ஒன்றுகூடுதல் என்னும் பொருளும் அச்சொல்லில் அடங்கியுள்ளது. கட்டடத்தின் அமைப்பே இதை எடுத்துக்காட்டுகிறது. 1650ஆம் ஆண்டு தொடங்கிய வேலை 1656இல் நிறைவுற்றது. சிறு குன்றின்மேல் நிற்பதால் மூன்று பக்கங்களிலும் அகன்ற படிக்கட்டுகளில் ஏறித்தான் உள்ளே செல்ல வேண்டும். செங்கோட்டையை நோக்கிய கிழக்கு வாயில் பேரரசர் வந்த வழி. சிவப்புக் கல்லாலான சுவர்கள், கருங்கோடுகள் ஓடும் மூன்று வெண்பளிங்குக் கும்மட்டங்கள், ஏறக்குறைய 40 மீட்டர் உயரமுள்ள இரண்டு மினாராக்கள் ஆகியவை தொலைவிலிருந்தே கண்ணைக் கவரும்.

ஆனால் மசூதியின் உயிர் அதன் முற்றமே. சுமார் 25,000 பேர் ஒரே நேரத்தில் தொழக்கூடிய திறந்தவெளி அது. நடுவே நீர்த்தொட்டி. கை, கால், முகம் கழுவி 'ஒளு' செய்த பின்னரே தொழ வேண்டும் என்பது முறை. நாம் ஆலய வாயிலில் தீர்த்தம் தொட்டுச் சிலுவை அடையாளம் இட்டுக்கொள்வது இங்கே நினைவுக்கு வருகிறது. உள்ளே பீடமும் இல்லை, சுரூபமும் இல்லை. மக்கா நகரின் திசையைக் காட்டும் 'மிஹ்ராப்' என்னும் மாடம் மேற்குச் சுவரில் உண்டு. அருகில் இமாம் பிரசங்கம் செய்யும் மேடை. தொழுகை மண்டபத்தின் பளிங்குத் தரையில் கறுப்புக் கரையிட்டு, ஆளுக்கொரு தொழுகைப் பாய் விரித்ததுபோல் இடம் வகுத்திருக்கிறார்கள். எவ்வளவு அழகான யோசனை!

வெளிப்படிகளும் சும்மா இருந்ததில்லை. முற்காலத்தில் அங்கே கதை சொல்வோரும், கபாப் விற்போரும், வித்தை காட்டுவோரும் கூடுவர். நோன்பு மாதத்தில் இன்றும் குடும்பம் குடும்பமாக வந்து முற்றத்தில் விரிப்பை விரித்து, பேரீச்சம்பழத்துடன் நோன்பு திறக்கிறார்கள்.

இத்தகைய இடம் ஒருமுறை மக்களுக்கு இல்லாமல் போயிற்று. 1857ஆம் ஆண்டுப் புரட்சியை அடக்கிய ஆங்கிலேயர் மசூதியைப் பறித்துக்கொண்டு, போர்வீரர்களை அதில் தங்க வைத்தனர். இடித்துத் தள்ள வேண்டும் என்றனர் சிலர். தேவாலயமாக மாற்றலாம் என்றனர் வேறு சிலர். நல்லவேளை, இரண்டும் நடக்கவில்லை! பிறர் தொழுத இடத்தைப் பறித்து நமக்குக் கோயில் ஆக்கினால் அதில் நாம் எப்படி மனமொன்றிச் செபிக்க முடியும்? 1862இல் மசூதி முஸ்லிம்களிடமே திரும்பி வந்தது.

அதன் பிறகு நடந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் சொல்லியாக வேண்டும். 1919இல் ரௌலட் சட்டத்தை எதிர்த்த டில்லி மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. சில நாட்களில் முஸ்லிம்கள் சுவாமி சிரத்தானந்தரை இந்த மசூதிக்கு அழைத்து வந்து பேச வைத்தனர். காவியுடை அணிந்த துறவி அங்கே வேதமந்திரம் ஓதி உரையாற்றினார்.

1947 அக்டோபரில் பிரிவினைக் கலவரத்துக்கு அஞ்சிப் பலர் டில்லியை விட்டுப் பாகிஸ்தான் புறப்பட்டுக்கொண்டிருந்தனர். கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத் இம்மசூதியில் கூடிய மக்களிடம், இது உங்கள் நாடு, அச்சத்தால் ஓடாதீர்கள் என்னும் கருத்தில் உருக்கமாகப் பேசினார். மூட்டை கட்டியவர்களில் சிலர் அதைக் கேட்டு இங்கேயே தங்கிவிட்டதாகச் சொல்வர். 1958இல் காலமான ஆசாத், அந்த மசூதிக்கும் செங்கோட்டைக்கும் இடையிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.