ஜேசிபி டிரைவருக்கு நாம் தெரிவோமா?



வாய்க்கால் தூர் வார மஞ்சள் வண்டி வந்தால் போதும், வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிடும். (நானும்தான்!) ஜேசிபி என்பது உண்மையில் கம்பெனிப் பெயர். 1945-இல் இங்கிலாந்தில் அதைத் தொடங்கிய ஜோசப் சிரில் பேம்ஃபோர்டின் முதலெழுத்துகள். வண்டிக்குப் பெயர் பேக்ஹோ லோடர்.

இதன் கேபினில் சீட் சுழலும். முன்னால் பார்த்தால் ஸ்டியரிங், பின்னால் திரும்பினால் தோண்டும் லீவர்கள். ஸ்டியரிங்கில் ஒரு குமிழ் இருக்கும். ஒரு கையால் அதைப் பிடித்துச் சுற்றிக்கொண்டே மறு கையால் பக்கெட்டைத் தூக்கலாம். இவ்வளவு கனமான வண்டி ஒரு கைக்கு எப்படித் திரும்புது? எண்ணெய் அழுத்தம்தான் சக்கரத்தைத் தள்ளுது. நம்ம பாஸ்கல் விதி!

சுற்றிலும் கண்ணாடி இருந்தும் டிரைவருக்கு எல்லாம் தெரியாது. தூக்கிய பக்கெட் முன்பக்கத்தை மறைக்கும். மடக்கிய தோண்டும் கை பின்பக்கத்தை மறைக்கும். பெரிய சக்கரத்தை ஒட்டி நம்ம உயரத்தில் ஒருத்தர் நின்றால் தெரியவே தெரியாது. அதனால்தான் ரிவர்ஸ் வரும்போது 'பீப் பீப்' சத்தம். புது வண்டிகள் சிலவற்றில் கேமராவும் வைக்கிறாங்க.

நாமே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. ஒளி வந்த பாதையிலேயே திரும்பிப் போகும் என்று படித்தோமே! வண்டியின் பக்கக் கண்ணாடியில் டிரைவரின் கண் நமக்குத் தெரிந்தால், அதே கண்ணாடியில் அவருக்கும் நம்மைத் தெரியும். தெரியலைன்னா அந்தக் கண்ணாடியில் நாம இல்லை.

மூன்றாவது படிக்கும் என் தம்பி ஒருநாள் பக்கெட் பக்கத்திலேயே நின்னுட்டான். கீழே நின்ற அண்ணன் விசில் அடித்து வண்டியை நிறுத்தினார். டிரைவர் இறங்கி வந்து, வேர்த்துப் போய்க் கேட்டார்: "எங்கடா நின்ன நீ?"

- 9-ஆம் வகுப்பு மாணவி