ஆடையும் பழியும்: பாலியல் வன்கொடுமையில் பாதிக்கப்பட்டோரைப் பழிக்கும் போக்கு – ஓர் ஆய்வு

முன்னுரை

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம் மக்களிடையே வழங்கும் பழமொழி. உடை ஒருவரின் மதிப்பை உயர்த்தும் என்னும் உலகியலைக் கூற எழுந்தது அது. ஆயினும் பெண்ணொருத்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகும்போது, குற்றத்தின் பாதியை அவள் உடுத்திய ஆடையின்மேல் ஏற்றிவிடும் வழக்கமும் நம்மிடையே உண்டு. “யார் செய்தான்?” என்னும் வினாவுக்கு முன்னரே, “என்ன உடுத்தியிருந்தாள்? அந்நேரத்தில் அங்கே ஏன் சென்றாள்?” என்னும் வினாக்கள் எழுந்துவிடுகின்றன. இவ்வினாக்கள் நீதிக்கு எவ்வாறு இடையூறாகின்றன என்பதை, நம் புதுச்சேரி நிகழ்விலிருந்தே தொடங்கி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேலங்கி அறிவிப்பு

2012 டிசம்பர் 16ஆம் நாள் தில்லியில் ஓடும் பேருந்தில் மாணவியொருவர் கொடுமைக்கு ஆளாகி, பின்னர் உயிர்நீத்தார். நாடே கொதித்தெழுந்த அந்நாள்களில் புதுச்சேரிப் பகுதியிலும் பள்ளி மாணவியொருத்தி வன்கொடுமைக்கு ஆளான செய்தி வெளிவந்தது. 2013 ஜனவரித் தொடக்கத்தில் அன்றைய கல்வியமைச்சர் தியாகராஜன் சில நடவடிக்கைகளை அறிவித்தார். மாணவியர் சீருடைக்கு மேல் ‘ஓவர்கோட்’ எனப்படும் மேலங்கி அணிதல், அவர்களுக்குத் தனிப்பேருந்து, பள்ளிகளில் கைப்பேசிக்குத் தடை என்பன அவற்றுள் அடங்கும். மேலங்கி அறிவிப்புக்கு மகளிர் அமைப்புகள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தன.

மாணவியரைக் காக்கவேண்டும் என்னும் நோக்கத்தை நாம் ஐயுறவில்லை. தனிப்பேருந்தால் பயன் விளையவும் கூடும். ஆனால் மேலங்கி எதைக் காக்கும்? சீருடை என்பது பள்ளியே வரையறுத்துத் தந்த உடை. பெற்றோரும் ஆசிரியரும் ஏற்றுக்கொண்ட உடை. அதுவும் போதாது என்றால், எந்த உடைதான் போதும்? கடலோரப் புழுக்கத்தில் மேலங்கி சுமக்க வேண்டியவள் குற்றம் ஏதும் செய்யாத மாணவி. குற்றம் செய்பவனோ எதனையும் சுமக்க வேண்டியதில்லை. பழியின் தொடக்கம் இவ்விடமே ஆகும்.

சொல்லில் உறையும் பழி

இப்போக்கு நம் மொழியிலும் படிந்துள்ளமை தமிழ் மாணவர்கள் கருதற்பாலது. இக்குற்றத்தை நாம் நெடுங்காலம் ‘கற்பழிப்பு’ என்றே எழுதிவந்தோம். கற்பு அழிந்தது என்றால், இழப்பும் இழுக்கும் பெண்ணுக்கே உரியன என்பது பொருளாகிறது. வீட்டில் களவு போனால் வீட்டுக்காரரைக் ‘கெட்டுப்போனவர்’ என்று யாரும் கூறுவதில்லை. வன்கொடுமைக்கு ஆளானவளை மட்டும் அச்சொல்லால் சுட்டுகிறோம். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார், கற்பு இருபாலார்க்கும் பொது என வலியுறுத்தியவர். இன்று ‘பாலியல் வன்கொடுமை’, ‘வன்புணர்வு’ என்னும் சொற்கள் பழைய சொல்லின் இடத்தைப் பெற்றுவருகின்றன. இவை செயலையும் செய்தவனையும் சுட்டுவன. பாதிக்கப்பட்டவளின் ஒழுக்கத்தை அளப்பன அல்ல.

உடை ஒன்று, தீர்ப்பு இரண்டு

உடையே காரணம் என்னும் வாதம் எத்துணை நிலையற்றது என்பதை இரண்டு வழக்குகள் காட்டும். 1999இல் இத்தாலி நாட்டின் உச்ச நீதிமன்றம், இறுக்கமான ஜீன்ஸ் காற்சட்டையை அணிந்தவரின் உதவியின்றிக் கழற்ற இயலாது எனக் கருதி, வன்புணர்வுக் குற்றவாளி என முன்னர்த் தீர்க்கப்பட்டவனுக்குச் சார்பாகத் தீர்ப்புரைத்தது. அந்நாட்டுப் பெண் உறுப்பினர்கள் ஜீன்ஸ் அணிந்தே நாடாளுமன்றத்தில் எதிர்ப்புக் காட்டினர். 2008இல் அதே நீதிமன்றம் அக்கருத்தைக் கைவிட்டது.

நம் அண்டை மாநிலத்தில் 2022 ஆகஸ்டில் கோழிக்கோடு அமர்வு நீதிமன்றம், பாலியல் துன்புறுத்தல் வழக்கொன்றில் முன்பிணை வழங்கியபோது, புகார் கூறிய பெண்ணின் உடை பாலுணர்வைத் தூண்டுவதாக இருந்தது எனக் குறிப்பிட்டது. அவ்வாண்டு அக்டோபரில் கேரள உயர் நீதிமன்றம், பெண்ணின் உடை குற்றஞ்சாட்டப்பட்டவரை விடுவிக்கும் காரணமாகாது எனக் கூறி அக்குறிப்பை நீக்கியது.

இறுகிய உடை என்றால் இசைவு. கவர்ச்சியான உடை என்றால் தூண்டுதல். இருவகையிலும் பழி பெண்ணையே சேர்கிறது. ஆகவே உடையைக் கண்டு பழி எழவில்லை. முன்னரே முடிவுசெய்யப்பட்ட பழிக்கு உடை ஒரு சாக்காகிறது என்பது தெளிவு.

உடை இல்லையேல் ஒழுக்கம்

உடையைக் குறைகூற இயலாதபோது பழி வேறிடம் தேடும். 1972 மார்ச் 26ஆம் நாள் மகாராட்டிர மாநிலத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் ஏழைப் பழங்குடிச் சிறுமியொருத்தி காவலரால் வன்கொடுமைக்கு ஆளானாள் என வழக்குத் தொடரப்பட்டது. ‘மதுரா வழக்கு’ என அறியப்படும் அதில் அவளது முந்தைய ஒழுக்கம் ஆராயப்பட்டது. உடலில் காயமில்லை என்பதும் அவளுக்கு எதிராகக் கொள்ளப்பட்டு, உச்ச நீதிமன்றத்தில் காவலர் இருவரும் விடுதலை பெற்றனர். 1979இல் உபேந்திர பக்சி, லோதிகா சர்க்கார், இரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார் ஆகிய சட்டப் பேராசிரியர் நால்வர் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினர். அச்சத்தால் அடங்கிப்போவது இசைவாகாது என்பது அவர்கள் வாதம். அம்மடல் மூட்டிய கிளர்ச்சியின் பயனாக 1983இல் சட்டம் திருத்தப்பட்டது.

பாதிக்கப்பட்டவளின் ஒழுக்கத்தைக் காட்டி அவள் சாட்சியத்தைக் குலைக்க இடந்தந்த பழைய சாட்சியச் சட்டத்தின் விதி 2003இல் நீக்கப்பட்டது. நீதிபதி வர்மா குழுவின் அறிக்கையை அடுத்து வந்த 2013ஆம் ஆண்டுத் திருத்தமும், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமும் இக்காப்பைத் தொடர்கின்றன. சட்டம் இவ்வளவு தூரம் வந்துள்ளது. திண்ணைப் பேச்சு இன்னும் 1972இலேயே நிற்கிறது.

மறை காட்டும் நெறி

ஒழுங்கான உடையைச் சமயங்கள் வலியுறுத்துகின்றன அல்லவா என்று பெரியோர் வினவக்கூடும். வலியுறுத்துகின்றன. எனினும் திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயத்தில், பார்வையைத் தாழ்த்துமாறு கூறும் கட்டளை முதலில் ஆண்களுக்கே வருகிறது. பெண்களுக்கான வசனம் அதனை அடுத்தே அமைகிறது. ஓர் ஆணின் பார்வைக்கு அவனே பொறுப்பு. பெண்ணின் உடையைக் காரணங்காட்டி அவன் அதிலிருந்து விலக முடியாது.

12ஆம் அத்தியாயத்தில் நபி யூசுப் (அலை) வரலாறு வருகிறது. அங்கே துன்புறுத்தப்பட்டவர்மீதே பழி திருப்பப்பட்டது. அவரது சட்டை பின்புறம் கிழிந்திருந்தமை உண்மையை வெளிப்படுத்தியது. அங்கு உடை பழிக்குக் காரணமாகவில்லை. பாதிக்கப்பட்டவரின் சாட்சியாக நின்றது.

இன்றைய தடயவியலும் இதனையே கூறுகிறது. பாதிக்கப்பட்டவர் அணிந்திருந்த உடையைத் துவைக்காமல், உலர்ந்த நிலையில் காகித உறையிலிட்டு ஒப்படைக்க வேண்டும் என்பது நடைமுறை. நாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் ஆடை, உண்மையில் சாட்சிக் கூண்டில் நிற்கவேண்டியதாகும்.

கதிர்காமத்தின் கடமை

நம் கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி அமைந்துள்ளது. 2022 அக்டோபர் 31ஆம் நாள் உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்ட பெண்ணை இழிவுபடுத்தும் இருவிரற் சோதனையை நடத்துவோர் முறைகேடு செய்தவராவர் எனத் தீர்ப்பளித்து, மருத்துவப் பாடத்திட்டத்தைச் சீராய்வு செய்யவும் பணித்தது. அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, கட்டணமின்றி உடனடிச் சிகிச்சை அளிக்கவேண்டும் என்பதும் சட்டம். மருத்துவர்க்குப் பாடம் எழுதப்பட்டுவிட்டது. நமக்குரிய பாடம் எது?

2024 மார்ச்சில் முத்தியால்பேட்டையில் ஒன்பது வயதுச் சிறுமியொருத்தி பாலியல் குற்றவாளிகளுக்கு இரையாகி உயிரிழந்தபோது, நகரமே தெருவில் திரண்டது. அச்சிறுமி என்ன உடுத்தியிருந்தாள் என்று எவரும் கேட்கவில்லை. கேட்பது அறமன்று என அன்று நமக்குத் தெரிந்திருந்தது. ஒன்பது வயதுக்குத் தெரிந்த அறம் பத்தொன்பது வயதுக்கு மறந்துபோவது ஏன்? மேலும், பதிவாகும் வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் குற்றஞ்சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு அறிமுகமானவரே எனத் தேசியக் குற்ற ஆவணக் காப்பக அறிக்கைகள் காட்டுகின்றன. தெருவில் செல்லும் அந்நியனின் கண்ணை உடை ஈர்த்தது என்னும் கதை இதனாலும் பொய்ப்படுகிறது.

முடிவுரை

கொடுமைக்கு ஆளான பெண் முதலில் நாடுவது காவல் நிலையத்தை அன்று. தாயையோ, தமக்கையையோ, தோழியையோ, ஆசிரியரையோதான் அவள் நாடுகிறாள். அவர்கள் கேட்கும் முதல் வினாவே அவள் இரண்டாம் முறை வாய் திறப்பாளா என்பதை முடிவு செய்யும். “ஏன் அப்படிச் சென்றாய்?” என்றால் அவள் அடங்கிவிடுவாள்; குற்றவாளி அடுத்தவளை நோக்கிச் செல்வான். “நீ சொல்வதை நம்புகிறேன், உன்மேல் தவறில்லை” என்றால் அவள் பேசுவாள். சிறார்க்கு 1098, மகளிர்க்கு 181 ஆகிய உதவி எண்களும் அதன்பிறகே பயன்படும்.

மாணவர்களே! தோழியொருத்தி உங்களிடம் மனந்திறக்கும் நாளில் அவள் ஆடையைப் பற்றி வினவாதீர்கள். பெரியோர்களே! பெண்மக்களுக்கு உடையொழுக்கம் கற்பிக்கும் அதே வீட்டில் ஆண்மக்களுக்குப் பார்வையொழுக்கம் கற்பியுங்கள். பழி உரியவனைச் சேரும் நாளே நீதி பிறக்கும் நாள்.