வங்கியில் மென்பொருட் பொறியாளர்

மக்கள் வங்கியில் இட்ட பொருள் இரும்புப் பெட்டியுள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் என எண்ணுவோர் இன்றும் உளர். உண்மை அஃதன்று. இன்னார்க்கு உரியது இவ்வளவு என்பது கணிப்பொறியில் எழுதப்பட்ட எண்ணாகவே உளது. அவ்வெண் பிறழாமற் காப்பவருள் முதன்மையானவர் மென்பொருட் பொறியாளர்.

பெரிய வங்கிகளில் இப்பணியை நாடுவோர் நேர்முகத் தேர்வுக்கு உட்படுவர். சிறு கணக்கொன்றைக் கொடுத்து, அதற்குரிய நிரலை அங்கேயே எழுதிக் காட்டுமாறு பணிப்பதுண்டு. இது பிற நிறுவனங்களிலும் உள்ள வழக்கமே. வங்கிப் பணிக்குச் சிறப்பாகப் பொருந்தும் வினா வேறு: "ஒருவர் கணக்கினின்று நூறு பவுனைக் கழித்து மற்றொருவர் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். கழித்த பின், சேர்க்கு முன், மின்சாரம் நின்றுவிடின் என் செய்வீர்?"

கழித்தலும் சேர்த்தலும் இரண்டும் நிகழ வேண்டும். இன்றேல் இரண்டும் நிகழாதொழிய வேண்டும். இதற்கெனச் செய்யவிருக்கும் மாற்றத்தை முன்னரே குறிப்பேட்டில் பதிந்துகொள்ளுமாறு நிரலை அமைப்பர். பொறி மீண்டும் இயங்குங்கால் அக்குறிப்பைப் பார்த்து, அரைகுறையாய் நின்றதைத் துடைத்துவிடும். ஒரே கட்டளை இருமுறை வந்தால் பணமும் இருமுறை போகலாகாது. ஆதலின் ஒவ்வொரு கட்டளைக்கும் தனி எண் இடுவர்.

பணியிற் சேர்ந்தபின் காண்பதும் இத்தகைய எச்சரிக்கையே. ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்துப் பார்ப்பர், பின்பு சோதிப்பர், பிழை நேரின் பழைய நிலைக்கு மீளவும் வழி வைப்பர். 1959-இல் உருவாகத் தொடங்கிய கோபோல் என்னும் கணிப்பொறி மொழியில் அமைந்த நிரல்கள் இன்னும் பல வங்கிகளில் இயங்குகின்றன. புதுமை விரும்பும் இளைஞர்க்கு இவை சலிப்பூட்டும், அச்சலிப்பிற் குற்றமில்லை. எனினும் சோதனை குறைந்தால் விளைவது யாதென்பதைப் பிரிட்டனில் நிகழ்ந்த ஒன்று காட்டும்.

1810-இல் ஸ்காட்லாந்தின் ரத்வெல் என்னும் சிற்றூரில், ஹென்றி டங்கன் என்ற சமயகுரு ஏழைகளுக்காகச் சேமிப்பு வங்கியொன்றைத் தொடங்கினார். அவ்வழியில் வந்தது டி.எஸ்.பி. வங்கி. அது முன்பு லாயிட்ஸ் வங்கியோடு இணைந்திருந்தது; 2015-இல் ஸ்பெயின் நாட்டுச் சபடெல் வங்கியின் உடைமையாயிற்று. ஆயினும் அதன் கணக்குகள் லாயிட்சின் கணிப்பொறி அமைப்பிலேயே இருந்தன. அவற்றைப் புதிய அமைப்புக்கு மாற்ற முனைந்தனர். 2018 ஏப்ரல் மாத வார இறுதி ஒன்றில், ஏறத்தாழ 52 லட்சம் வாடிக்கையாளரின் கணக்குகள் ஒருங்கே பெயர்ந்தன.

கணக்குகள் பிழையின்றியே பெயர்ந்தன. அவற்றைத் தாங்க வேண்டிய அமைப்பே தடுமாறிற்று. வாடிக்கையாளர் பலர் தம் கணக்கைத் திறக்கவொண்ணாமல் தவித்தனர். சிலர்க்குப் பிறருடைய கணக்கு கண்ணிற் பட்டது. புதிய அமைப்பு இரண்டு தரவு மையங்களில் இயங்கியது. பெரும் சுமையைத் தாங்குமா என்னும் சோதனையோ அவற்றுள் ஒன்றில் மட்டுமே நடந்திருந்தது என்று பின்னர் வெளிவந்த ஆய்வறிக்கை கூறிற்று. இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்று கொண்டனர் போலும்!

அவ்வாண்டு டிசம்பர் வரையில் முழுச் சீர்நிலை திரும்பவில்லை. 2022 டிசம்பரில் மேற்பார்வை அமைப்புகள் இரண்டும் சேர்ந்து அவ்வங்கிக்கு 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுன் தண்டம் விதித்தன. மறு ஆண்டில், மாற்றம் நிகழ்ந்த காலத்தே கணிப்பொறித் துறைக்குத் தலைமை தாங்கியவரும் தம் பங்குக்கு 81,620 பவுன் தண்டம் இறுக்க நேர்ந்தது.