பழைய பியானோ தட்டுகளைக் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு

1. இரைச்சலோடு மல்லுக்கட்டாதீர்கள். 1925க்கு முந்திய தட்டுகளுக்கு மைக் கிடையாது. பியானோவின் ஒலி ஒரு கூம்புக்குள் புகுந்து, சவ்வை அதிரவைத்து, முள்ளை அசைத்து மெழுகில் கோடாக விழுந்தது. அடி சுரங்களில் பாதி வழியிலேயே தொலைந்துபோயின. ஓடும் ரயிலில் எதிரில் இருப்பவரோடு பேச ஆரம்பித்தால் தண்டவாளச் சத்தம் தானாக விலகிவிடுகிறதே, இதுவும் அப்படித்தான். இரைச்சலை அடியோடு துடைத்த மறுபதிப்புகளை வாங்காதீர்கள். அதோடு சேர்ந்து பியானோவின் மினுக்கமும் போயிருக்கும். வார்ட் மார்ஸ்டன் போன்றவர்கள் செய்த மறுபதிப்புகளை நம்பி வாங்கலாம்.

2. 1889இல் வியன்னாவில் பிராம்ஸ் வாசித்துப் பதிந்த மெழுகு உருளையிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். அதில் சரித்திரம் இருக்கிறது. இசையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நேராக, மைக் வந்த பிறகான மின்பதிவுக் காலத்துக்கு வாருங்கள்.

3. முதல் தட்டாக நான் சொல்வது, இக்னாஸ் ஃப்ரீட்மன் 1936இல் பதிந்த ஷோப்பனின் ஈ-ஃப்ளாட் நாக்டர்ன், ஓபஸ் 55 எண் 2. இடது கை அகலமாக அலையடித்துக்கொண்டே போகிறது. வலது கையில் ஒரு பாட்டு. கொஞ்ச நேரத்தில் அதே கையில் அதற்குக் கீழே இன்னொரு குரல் முளைக்கிறது. மேல்குரல் நீளமாக நிற்கும்போது கீழ்க்குரல் அதற்குப் பதில் சொல்கிறது. இரண்டுக்கும் அவர் கொடுக்கும் அழுத்தம் வேறு, சாயல் வேறு. ஒருமுறை மேல்குரலை மட்டும் கேளுங்கள், மறுமுறை கீழ்க்குரலை. ஐந்து விரல்தானா என்று வியப்பீர்கள். எனக்கு இன்றும் அந்த வியப்பு தீரவில்லை.

4. கைகள் ஒன்றாக விழவில்லையே என்று குறை சொல்லாதீர்கள். இடது கை சற்று முந்தும், பாட்டு ஒரு மயிரிழை பிந்தும். கார்டுகளை ஒரே அடியாக அடிக்காமல் கீழிருந்து மேலாக உதிர்ப்பார்கள். அந்தத் தலைமுறைக்கு அதுதான் பியானோவைப் பாடவைக்கும் வழி. பாட்டு தனியாக மிதப்பதற்காக வேண்டுமென்றே செய்தது.

5. அவசரம் தெரிந்தால் தட்டின் அளவை நினைத்துப் பாருங்கள். 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் நான்கு நிமிடத்தைச் சற்றே தாண்டும். பத்து நிமிடம் ஓடும் ஃபவுஸ்ட் வால்ட்ஸை நான்கு நிமிடத்தில் முடிக்கச் சொன்னார்கள் என்று புசோனி 1919இல் மனைவிக்கு எழுதிப் புலம்பியிருக்கிறார். இசையை வெட்டியதும் ஒட்டியதும் இயந்திரத்துக்காக. அதைக் கலைஞர் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

6. கோர்ட்டோவின் தப்பு சுரங்களை எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள். டேப் வராத காலம் அது. பதிவை வெட்டி ஒட்ட வழியில்லை. முழுப் பக்கத்தையும் மறுபடி வாசிக்கலாம், அவ்வளவுதான். அவர் 1926இல் பதிந்த ஷோப்பன் ப்ரெலூடுகளில் வழுக்கிய விரல்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு ப்ரெலூடும் எங்கே மூச்சுவிடுகிறது, எங்கே திரும்புகிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

7. சுருதியைச் சரிபாருங்கள். 78 சுற்று என்பது பழைய தட்டுகளில் பெயருக்குத்தான். 73, 74 சுற்றில் பதிந்ததை 78இல் ஓட்டினால் அரை சுரம் ஏறிவிடும். வாசிப்பும் பதற்றமாகத் தோன்றும்.

8. துளையிட்ட காகிதச் சுருளான பியானோ ரோலையும் தட்டையும் ஒன்றாக எண்ணாதீர்கள். 1904இல் வந்த வெல்டே-மின்யோன் ரோல்கள் எந்தக் கட்டை எப்போது அழுந்தியது என்பதை நன்றாகவே சொல்லும். ஆனால் தொடுகை விஷயத்தில் நான் தட்டைத்தான் நம்புவேன்.

9. அச்சிட்ட சுரத்தாளைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள், ஆனால் அதை நீதிபதியாக்காதீர்கள். ராக்மானினாஃப் 1930இல் பதிந்த ஷோப்பன் இரண்டாம் சொனாட்டாவில், சவ ஊர்வல நடை இரண்டாம் முறை வரும்போது தாளில் உள்ளபடி மென்மையாக வராது. முழுப் பலத்தோடு இறங்கி, பிறகு தேய்ந்துகொண்டே போகும். முந்திய தலைமுறைப் பியானோக் கலைஞர் ஆன்டன் ரூபின்ஸ்டைன் காட்டிய வழி அது.

10. இவ்வளவும் பழகிய பிறகு ராவுல் கொச்சால்ஸ்கியிடம் போங்கள். ஷோப்பனின் மாணவர் மிகுலி, மிகுலியின் மாணவர் இவர். 1938இல் இவர் பதிந்த ஓபஸ் 9 எண் 2 நாக்டர்னில், வழக்கமான அச்சில் இல்லாத அலங்காரங்கள் வரும். ஷோப்பனே தம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவை. அடுத்து மோரிட்ஸ் ரோசந்தால். அவரும் மிகுலியிடம் படித்தவர், பிறகு லிஸ்ட்டிடமும் போனவர். இருவரையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒரே ஆசிரியரின் மாணவர்கள் இவ்வளவு வேறுபட்டு வாசித்ததைக் கேட்டபின், ஷோப்பனுக்கு ஒரே ஒரு சரியான வாசிப்புதான் உண்டென்று யார் சொன்னாலும் நீங்கள் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள்.