நோ பார்க்கிங் பலகைக்குக் கீழே ஒரு போலீஸ் வண்டி

அன்புள்ள கயல்விழிக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய இரண்டு படங்களும் கிடைத்தன. கடைவீதி முக்கில் நோ பார்க்கிங் பலகை, அதற்கு நேர் கீழே ஒரு போலீஸ் பைக். அதே முக்கில் உன் அப்பாவின் ஸ்கூட்டருக்கு 500 ரூபாய் சலான். "ஃபைன் போடுறவங்களுக்கு ரூல்ஸே கிடையாதா பெரியப்பா?" என்று கேட்டிருக்கிறாய். படத்தை இன்ஸ்டாகிராமில் போடட்டுமா என்றும் கேட்டிருக்கிறாய். இரண்டாவதற்குக் கடைசியில் வருகிறேன்.

உன் அப்பாவுக்குப் போட்ட அபராதம் சரியானதுதான். இதைப் படித்ததும் அவன் எனக்கு போன் செய்து சத்தம் போடுவான், போடட்டும். போலீஸ்காரர் வண்டி அங்கே நின்றது என்பதற்காக இவன் வண்டி நின்றது நியாயமாகிவிடாது. இதை ஒப்புக்கொண்ட பிறகுதான் உன் கேள்வியைக் கேட்க நமக்கு வாய் வரும்.

சாலை முக்கில் ஏன் வண்டி நிறுத்தக் கூடாது? 2017-இல் மத்திய அரசு வெளியிட்ட வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், சந்திப்பின் விளிம்பிலிருந்து 50 மீட்டர் வரை நிறுத்தக் கூடாது என்கின்றன. நடைபாதை, பாதசாரிகள் கடக்கும் இடம், பள்ளி, மருத்துவமனை வாசல் இவையெல்லாம் அதே பட்டியலில் வருகின்றன. நம் ஊர்க் கடைவீதியில் இதை அப்படியே அமல்படுத்தினால் பாதித் தெரு காலியாகிவிடும், அது வேறு கதை. ஆனால் காரணம் எளிமையானது. குறுக்குத் தெருவிலிருந்து சைக்கிளில் வரும் பெண், திருப்பத்தில் வரும் லாரி டிரைவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நடுவில் நின்று மறைப்பது அரசு ஜீப்பா, அப்பாவின் ஸ்கூட்டரா என்பது அந்த டிரைவருக்கு ஒன்றுதான். ஆகவே அதிகாரியும் விதிக்கு உட்பட வேண்டும் என்று நான் சொல்வது முதலில் சமத்துவத்துக்காக அல்ல, அந்த சைக்கிளுக்காக. சமத்துவம் பிறகு வருகிறது.

இன்னொரு செய்தி உனக்கு வியப்பாக இருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-இல் திருத்தியபோது 210பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அந்தச் சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரம் பெற்றவர்களே அதை மீறினால், மற்றவர்களுக்கு உள்ள தண்டத்தைப் போல் இரண்டு மடங்கு என்கிறது அது. அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்த செப்டம்பரிலேயே டெல்லி போக்குவரத்துப் போலீஸ் இதை நினைவூட்டித் தன் ஆட்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. உன் அப்பாவுக்கு 500 என்றால் அந்த பைக்குக்கு 1,000. இரு மடங்கு அநியாயம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உன் அப்பா, "பலகையைக் கவனிக்கவில்லை" என்று சொல்லிப் பார்க்கலாம். அந்தப் பலகையைக் காட்டி நாள் முழுக்க சலான் போடுகிறவர் அப்படிச் சொல்ல முடியுமா?

ஆனால் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு எழுதிவிடாதே. விலக்கு என்று ஒன்று உண்டு, அது அவசியமும்கூட. விபத்து நடந்த இடத்தில் போலீஸ் வண்டி நடுரோட்டில் குறுக்கே நிற்கும், நிற்கத்தான் வேண்டும். நோ பார்க்கிங்கில் நிற்கும் காரைத் தூக்க வரும் டோயிங் வண்டி, அந்தக் காருக்குப் பக்கத்தில் நின்றால்தான் தூக்க முடியும். லண்டனில் 1960-இல் முதன்முதலாகப் போக்குவரத்து வார்டன்களை இறக்கியபோது, முதல் அபராதச் சீட்டு ஒரு டாக்டரின் காரில் ஒட்டப்பட்டது. அவர் அப்போது மாரடைப்பு வந்த ஒருவருக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரே கொந்தளித்தது, அபராதத்தை ரத்து செய்தார்கள். அந்த டாக்டர் மறுநாள் துணிக்கடைக்குப் போய் அதே இடத்தில் காரை நிறுத்தியிருந்தால் யாரும் அவருக்காகப் பரிந்து பேசியிருக்க மாட்டார்கள். விலக்கு அந்த நேரத்து அவசரத்துக்கு உரியது. டீயும் பஜ்ஜியும் சாப்பிட இறங்கிய காவலருக்கோ, அதிகாரி வீட்டார் நகைக்கடையிலிருந்து வரும்வரை வாசலில் நிற்கும் ஜீப்புக்கோ அது கிடையாது.

விதியை உடுப்புக்குத் தக்கபடி வளைத்தால் எங்கே போய் நிற்கும் என்பதை 2024 மே மாதம் தமிழ்நாடு முழுக்கப் பார்த்தது. நாங்குநேரியில் அரசு பஸ்ஸில் ஏறிய ஒரு காவலர் டிக்கெட் எடுக்க மறுத்தார், அந்த வீடியோ பரவியது. பயண வாரண்ட் இருந்தால் ஒழிய போலீசாரும் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று போக்குவரத்துத் துறை சொன்னது. அவ்வளவுதான், அடுத்த நாட்களில் பல ஊர்களில் அரசு பஸ்களுக்கு வரிசையாக அபராதம் விழுந்தது: நோ பார்க்கிங்கில் நிறுத்தியது, சீட் பெல்ட் போடாதது என்று. இரு துறைச் செயலாளர்களும் பேசித்தான் அது ஓய்ந்தது. அந்த பஸ்கள் அதற்கு முந்தைய வாரமும் அதே இடங்களில் அப்படித்தானே நின்றிருக்கும்? அன்றைக்கு யாருக்கும் கண் தெரியவில்லை. கோபம் வந்ததும் சட்டம் நினைவுக்கு வந்தது. கடைவீதி முக்கில் நிற்கும் அந்த பைக்கைவிட இதுதான் எனக்குப் பெரிய ஆபத்தாகப் படுகிறது.

சரி, 210பி இருக்கிறதே, பிறகு ஏன் எதுவும் மாறவில்லை? யார் அபராதம் போடுவது என்பதில்தான் சிக்கல். ஓர் ஏட்டு தன் இன்ஸ்பெக்டரின் வண்டிக்கு சலான் போட்டுவிட்டு மறுநாள் காலை அதே ஸ்டேஷனில் போய் சல்யூட் அடிக்க வேண்டும். போட்டாலும், அரசு வண்டிக்கான அபராதம் அரசுப் பணத்திலிருந்து அரசுக் கணக்குக்கே போகுமானால் யாருக்கு வலிக்கும்? நிறுத்தியவர் கையிலிருந்து போக வேண்டும் என்பது என் கட்சி.

வலித்தால் மாறுவார்களா என்பதற்கு நியூயார்க்கில் நல்ல சான்று இருக்கிறது. ஐ.நா. சபையில் பணியாற்றும் வெளிநாட்டுத் தூதர்களிடம் பார்க்கிங் அபராதத்தை வசூலிக்க அந்நகரத்தால் முடியாமல் இருந்தது. 1997-க்கும் 2002-க்கும் இடையில் 1,50,000-க்கும் அதிகமான சீட்டுகள் கட்டப்படாமல் தேங்கின, தொகை 1 கோடியே 80 லட்சம் டாலருக்கு மேல். ரேமண்ட் ஃபிஸ்மன், எட்வர்ட் மிகெல் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இந்தக் கணக்கை ஆராய்ந்தார்கள். ஜப்பான், நார்வே, ஸ்வீடன் தூதர்கள் பெயரில் ஒரு பாக்கிகூட இல்லை. குவைத் தூதர்கள் பட்டியலின் உச்சியில் இருந்தார்கள். கேட்பாரில்லாதபோதும் ஒழுங்காக நிறுத்தியவர்களும் இருந்தார்கள் என்பதை மறந்துவிடாதே. 2002 அக்டோபருக்குப் பிறகு, மூன்று சீட்டுக்கு மேல் பாக்கி வைத்தால் தூதரக நம்பர் பிளேட்டைப் பறிக்கத் தொடங்கினார்கள். மீறல்கள் ஏறக்குறைய 98 விழுக்காடு குறைந்துபோயின. தூதர்களுக்கு யாரும் நீதிபோதனை வகுப்பு எடுக்கவில்லை.

போலீஸ்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் ஒருதலையாகப் பேசியதாகிவிடும். டூட்டிக்குத் தன் சொந்த பைக்கில் வருகிறவர் நாள் முழுக்க வெயிலில் அந்த முக்கிலேயே நிற்க வேண்டும். வண்டியை எங்கே விடுவது என்று அவருக்கு யாராவது இடம் காட்டியிருக்கிறார்களா? கடைவீதியில் பத்தடி ஒதுக்கிக் கோடு போட்டுக் கொடுக்க ஒரு மாநகராட்சிக்கு அரை நாள் போதும். அது மேலிடத்தின் வேலை. பல ஸ்டேஷன்களின் வாசலைப் பார், வழக்குகளில் பிடித்த வண்டிகள் நடைபாதையை அடைத்துத் துருப்பிடித்துக் கிடக்கும். அவற்றுக்கு இடம் பார்க்காத துறை, தெருவில் நிறுத்தும் பொதுஜனத்தை அதட்டும்போது குரலில் சுரத்து இருப்பதில்லை.

இனி இன்ஸ்டாகிராம். வேண்டாம் என்பேன். அந்தப் படத்தில் பைக் பக்கத்தில் ஒரு காவலர் முகம் தெரிகிறது. வண்டி அவருடையதுதானா, அப்போது அங்கே ஏதாவது தகராறு நடந்ததா, உனக்குத் தெரியாது. இரண்டு நாளில் ஆயிரம் பேர் அவரைத் திட்டுவார்கள், வண்டி மூன்றாம் நாளும் அங்கேயே நிற்கும். அதற்குப் பதிலாக அடுத்த வாரமும் போய்ப் பார். தினமும் நின்றால் தேதி, நேரம், இடம், வண்டி எண் இவற்றை மட்டும் எழுதி, படத்தோடு உங்கள் மாவட்டப் போலீஸ் அலுவலகத்துக்கு அனுப்பு. வசவு ஒரு வரிகூட வேண்டாம். அவர்களுக்கு நிறுத்த இடம் ஒதுக்கச் சொல்லி மாநகராட்சிக்கும் ஒரு மனு போடு.

கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். "2019 செப்டம்பர் முதல் இன்று வரை நம் மாவட்டத்தில் 210பி பிரிவின் கீழ் எத்தனை பேருக்கு அபராதம் விதிக்கப்பட்டது, எவ்வளவு வசூலானது?" என்று ஆண்டுவாரியாகக் கேள். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, சேர்ந்து எழுதுவோம். வரும்போது அப்பாவிடம் சலான் பணத்தைக் கட்டிவிட்டானா என்று கேட்டுக்கொண்டு வா.

அன்புடன்,
பெரியப்பா